ஒன்பது சென்டிமீட்டர்

மோர்ப்பண்ணையில் இன்னும் கட்டாத ஜெட்டியின் மேல்
தினமும் ஒருமுறை போய் வருகிறேன்.
கண்ணாடியை மாட்டினால் போதும்.
நாற்பது தூணும் நீலமாய் எழும்,
தளம் விரியும், கைப்பிடிக் கம்பி ஓடும்,
விளக்குக் கம்பம்கூட எரியும், பட்டப்பகலில்.
கழற்றினால்
பதினேழு தூண். சேறு. ஒரு மிதவை.
மிதவையில் குத்துக்காலிட்டுத்
தூக்குச்சட்டியைத் திறக்கும் நாகூர்கனி.

ரிக் ஓட்டுபவர் அவர்.
வெறுங்காற்றை நான் இரண்டு விரலால் கிள்ளுவதைக்
கொஞ்ச நாள் பேசாமல் பார்த்துவிட்டு
"இன்ஜினியரம்மா மூட்டைப்பூச்சி நசுக்குறாக" என்றார்.
அன்றிலிருந்து சைட்டில் அதுதான் என் வேலை.

செவ்வாய்தோறும் தேவநாதன் சார் வருவார்
சென்னையில் நாற்காலியை விட்டு எழாமலே.
இடுப்புக்கு மேல்தான் அனுப்பும் அந்தக் கருவி.
தண்ணீர்மேல் நிற்பார், டை கட்டியபடி.
ஒருநாள் கண்ணாடியை வாங்கிப் பார்த்த
வெல்டர் அடைக்கலம்
சட்டென்று கழற்றிக் கொடுத்தான்.
"காலு இல்லியே மேடம்.
காலு இல்லாட்டி அது என்னன்னு
எங்க ஊர்ல பச்சப்புள்ளக்கும் தெரியும்."

தகராறு பதினேழாம் தூணில்.
வாடை விடாமல் அடித்த ராத்திரி அது.
விடிந்ததும் மாட்டிப் பார்த்தேன்:
நீலத்துக்குள் நிற்க வேண்டிய கான்கிரீட்
ஒரு பக்கம் பிதுங்கி நின்றது
பொத்தான் மாற்றிப் போட்ட சட்டைக்குள் ஆள்போல.
ஒன்பது சென்டிமீட்டர்.
அனுமதி எவ்வளவு என்று கேட்டான் அடைக்கலம்.
ஏழரை என்றேன்.
"ஏழரையே தாங்காது. அதுக்கு மேல ஒண்ணரை வேறயா?"
யாரும் சிரிக்கவில்லை. அவனும்.

தேவநாதன் சார் யோசித்தார்.
ஓர் அலை அவர் வயிற்றில் புகுந்து
முதுகு வழியாகக் கரைக்கு வந்தது.
"தூணைப் பிடுங்கவா முடியும்?
மாடலை நகர்த்தும்மா.
மார்க்கரை உப்பு அரிச்சிருச்சு,
திரும்பப் பதிச்சேன்னு எழுது."

கிள்ளினேன். இழுத்தேன்.
பதினேழு அச்சாய்ப் பொருந்திக்கொண்டது.
மூட்டைப்பூச்சி அளவு கனம்கூட இல்லை அதற்கு.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.
பதினாறு தூணும் வரிசையாகப் பிதுங்கியிருந்தன.
ஐஸ் பேக்டரிச் சுவர் தன்னைவிட்டு விலகி நின்றது.
கரையேற்றிய வள்ளத்துக்கு இரண்டு மூக்கு.
கரையை ஸ்கேன் எடுத்த அன்று
நண்டுவலை சுமந்து குறுக்கே போனவள் ஒருத்தி,
முகமில்லாத சாம்பல் திட்டாய்
மாடலிலேயே தங்கிவிட்டவள்,
அவளையும் தள்ளியிருக்கிறேன்.
யார் என்றுகூட விசாரிக்காமல்.

"நங்கூரம் இழுக்குதும்மா, நிறுத்திக்கலாமா?"
அந்த ராத்திரி போனில் கேட்டார் நாகூர்கனி.
காற்று பாதியைத் தின்றாலும் மீதி புரிந்தது.
மறுநாள் பில் போட வேண்டும் எனக்கு.
"ஓட்டுங்க" என்றேன்.
கண்ணாடியில் அது எங்குமே பதிவாகவில்லை.
எந்த நிறத்திலும்.

இழுத்ததை இழுத்த வழியே விட்டேன்.
கரை வந்து கரைமேல் உட்கார்ந்தது.
தூண் எண் பதினேழு, விலகல் ஒன்பது என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'காற்று' என்று தொடங்கி
அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன்.
கட்டம் சின்னது, இனிஷியலுக்கு இடமில்லை.

இந்தச் செவ்வாய் தண்ணீர்மேல் யாரும் வரவில்லை.
பதினெட்டுக்கு ரிக்கை நகர்த்தச் சொல்லவுமில்லை,
வேண்டாமென்று சொல்லவுமில்லை.
நாகூர்கனி மிதவைக் கயிற்றை
இரண்டாம் முறையாக அவிழ்த்துக் கட்டுகிறார்.
என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை.

மாட்டிப் பார்க்கிறேன்.
பதினேழு இப்போது சிவப்பில் எரிகிறது.
அதன் உச்சியில்
வண்ணத்துக்கு வெளியே பிதுங்கிய விளிம்பில்
ஒரு நீர்க்காகம்,
நனைந்த சிறகை விரித்துக்
காயவைத்துக்கொண்டிருக்கிறது.